சோலைமலையே சாட்சி

“‘பஞ்சில்லாத ஆலை, பனியில் உறைந்த நதி’ன்னு மனுவுல எழுதிருக்கியே, இது எதுக்கு?”

“உவமை சார்.”

“குடகனாத்துல தண்ணி ஓடுனாத்தானப்பா உறையிறதுக்கு? வெட்டு அதை.”

வெட்டினான் விக்னேஷ்குமார். மேலாளர் ஞானராஜுக்கு இலக்கியம் பிடிபடாது. என்ன செய்ய, பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் வாய்த்த கதிதானே என்று தேற்றிக்கொண்டான். அவன் அதுவரை எழுதி முடித்தவை லாரி வாடகை ரசீதுகள் மட்டும்.

வடமதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் அவன் குமாஸ்தா. ஆலை பஸ்ஸில் போகவர மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுவான். பனிப்புயலில் குதிரை வண்டியை எப்படி ஓட்டுவது என்று அவனுக்குத் தெரியும். அப்பா பருத்திக்கு எப்போது மருந்தடிக்கிறார் என்று தெரியாது. ஆலைக்குள் பறக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்து, முதல் பனி விழுகிறது என்று கண்மூடி நிற்பான். பிறகு ஏழு தும்மல் போடுவான்.

அந்த ஆலைக்குத்தான் இப்போது இழுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காக்காரன் நம் துணிக்கு வரியை ஏற்றிவிட்டான். திருப்பூரில் ஆர்டர் நின்றது. இங்கே நூல், கிடங்குக் கூரையை முட்டியது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு நம் அரசு வாங்கும் பதினோரு சதவீத வரியை எடுத்தால் மலிவாகப் பஞ்சு வாங்கித் தாக்குப்பிடிக்கலாம். இல்லையென்றால் மூன்றாவது ஷிப்டை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. மூடினால் அறுபது பெண்களுக்கு வேலை போகும். அவர்களோடு, கடைசியாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்கும். ஆகவே டில்லிக்கு மனு. அவன் தமிழில் எழுதினால், ஆடிட்டர் ஆபீசில் அதை ஆங்கிலமாக்கி அனுப்புவார்கள். என்றாவது ஒருநாள் தானும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பது அவன் வாழ்நாள் கனவு. பலித்துவிட்டது, ஆடிட்டர் ஆபீஸ் வழியாக.

“மத்ததெல்லாம் சரி,” என்றார் ஞானராஜ். “விவசாயி வயித்துல அடிக்கலாமான்னு மேல கேப்பாய்ங்க. அதுக்கு ரெண்டு வாக்கியம் போடு.”

விக்னேஷ்குமார் பேனாவைக் கடித்தான். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சாட்சி வந்து நிற்பான். வந்து நின்றான். ‘வரி நீக்கத்தால் எங்களுக்கு ஒரு குறையும் வராது என்று மனமுவந்து சொல்கிறார், நாற்பது ஆண்டுகளாகப் பருத்தி பயிரிடும் அய்யலூர் விவசாயி திரு. சோலைமலை.’

“யாருப்பா இந்த ஆளு?”

“எங்கப்பா சார்.”

“அவர் சொன்னாரா?”

“சொல்லுவாரு சார்.”

முதல் தடவையாக ஞானராஜ் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

ஒரு மாதத்தில் வரி போயிற்று. பெரிய பெரிய ஆலைச் சங்கங்கள் வெகுநாளாக டில்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது செய்தித்தாளிலேயே வந்திருந்தது. வந்தால் என்ன? தன் வாக்கியத்தைப் படித்துத்தான் அங்கே ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும் என்பதில் விக்னேஷ்குமாருக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது ஷிப்டு தப்பியது. “எல்லாம் நம்ம தம்பி எழுத்து!” என்று ஞானராஜ் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி லட்டு கொடுத்தார். அவன் இரண்டு லட்டைக் கூடுதலாக வாங்கி, மனுவின் நகலோடு பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் நடக்க வழியில்லை. முன்னறை முழுக்கப் பருத்தி மூட்டை.

“இன்னும் எடை போடலையாம்மா?”

“வியாபாரி வந்தாரு, போனாரு,” என்றாள் ஒச்சம்மாள். “போன வாரம் கிலோ எழுபதுன்னவரு இன்னைக்கு அறுபதுங்கிறாரு. கப்பல்ல வரியில்லாமப் பஞ்சு வருதாம்ல, உங்க மில்லுக்குத்தேன். அப்ப பனியனாச்சும் வெல குறையுமாடா? ஒங்கப்பாவுக்கு ரெண்டு எடுக்கணும்.”

“அது... உடனே குறையாதும்மா.”

“பஞ்சு வெல மட்டும் உடனே குறையுது?”



சோலைமலை உள்ளே வந்தார். கையில் கடையில் வாங்கிய முழுத்தாள் நாலு, சுருட்டி ரப்பர் போட்டு.

“வந்துட்டியா அப்பு. வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசுல விவசாயிக கூட்டம். இந்த வரியத் திருப்பிப் போடச் சொல்லி மனுக் குடுக்கப் போறோம், இருபது பேரு. எழுத ஆளு யாருன்னாய்ங்க. எம்மவனுக்கு மிஞ்சி எவன் இருக்கான்னேன்.”

“அப்பா, எனக்கு மில்லுல...”

“தெரியும்டா. ஒம் பொழப்பு அங்கிட்டு. அதுனால ஒம்பேரு வேணாம், எழுத்து மட்டும் குடு. மொதப் பேரு எம்பேரு. நாப்பது வருசமாப் பருத்தி போடுறவன் சொன்னா நம்பாமப் போயிருவாய்ங்களா?”

விக்னேஷ்குமார் பையை நெஞ்சோடு அணைத்தான். லட்டு மணக்கிறதென்று அம்மா அதைப் பிடுங்கினாள். லட்டோடு ஒட்டிக்கொண்டு, நெய்க்கறையோடு நகலும் வெளியே வந்தது.

“மில்லுக்கு எழுதுன மனுவா?” சோலைமலை வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கினார். “மில்லு பஸ்ஸுல வந்த பிள்ளைக சொல்லுச்சுக, இதப் படிச்சுத்தேன் டில்லியே எறங்கி வந்துச்சுன்னு.” தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பெருமை பொங்க மகனிடமே நீட்டினார்.

“கண்ணாடியக் காட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். ஒரு எழுத்து விடாம வாசி அப்பு. நமக்கும் அதே மாதிரி வேணும்.”