ஐந்து பேரின் தொண்டை

1978 ஆவணியில் எங்கள் மகள் காளியாயி தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனாள். இரண்டு வயது. மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் கொண்டுபோனோம். ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே மடியில் மூச்சு நின்றுவிட்டது.

நோயைக் கொண்டுவந்தது என் நாத்தனார் சின்னத்தாயிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பக்கத்து வளவு வீட்டில் இருந்த அவள், முந்தின வாரம்தான் சேலம் போய் இருமலோடு திரும்பியிருந்தாள். குழந்தையைப் புதைக்கிற அன்று என் கணவர் சித்தன் தங்கையைக் கிட்டவே விடவில்லை. காப்பிக் களத்து ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனாள். நானும் கூப்பிடவில்லை. பழி போட எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் சேலத்து ஆய்வுக்கூடத்திலிருந்து லாசர் என்பவர் வந்தார். நான், கணவர், மாமனார், கொழுந்தன், நான்கு பேரையும் உட்கார வைத்தார். சின்னத்தாயியையும் வரச்சொன்னார். கம்பியில் சுற்றிய பஞ்சை ஒவ்வொருவர் தொண்டையிலும் விட்டு எடுத்தார்.

"பாட்டுப் பாடற மாதிரி வாயத் தொறங்க. ஏனுங்க, பஞ்சக் கடிக்கறீங்க? காலையில ஊட்டுல சோறு போடலீங்களா?"

கணவர்கூடச் சிரித்துவிட்டார்.

கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தத்தின் தெளிந்த நீரைச் சாய்வாக உறைய வைத்திருந்தார்கள். பஞ்சை அதன்மேல் தேய்த்தார்.

"சேலத்துல நம்ம ஒடம்புச் சூட்டுல ஒரு பெட்டி இருக்குதுங்கம்மா. அதுல ஒரு நாள் வெச்சா, ஒளிஞ்சிருக்கற கிருமி வளந்துரும். நீலச் சாயம் போட்டுப் பாத்தாத் தெரியும்."

"கிருமி இருக்கறவங்களுக்கும் நோவு வருமுங்களே?" என்று கேட்டேன்.

"வராதுங்க. சில பேரு தொண்டையில அது சும்மா குடியிருக்கும். அவங்கள ஒண்ணும் பண்ணாது."

மலைக்குளிர் படாமல் குழாய்களைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லாசர் தமிழிலேயே எழுதியிருந்தார். ஐந்து பெயர்கள். நான்குக்கு நேரே 'இல்லை'. ஒன்றுக்கு நேரே 'உண்டு'. அது என் பெயர்.

கடலையை என் வாயில் மென்று மென்று காளியாயி வாயில் ஊட்டியவள் நான்.

"அவ பேருதானே புள்ள?" என்றார் கணவர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க அங்கே யாரும் இல்லை.

"சின்னத்தாயி இல்லீங்க. நானுங்க."

காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தப்பாப் படிச்சிருப்ப. மறுக்காப் படி."

படித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை படித்தபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து தங்கை வீட்டுக்குப் போனார்.

சின்னத்தாயி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

"கிட்ட வராத சாமி."

"போங்க அண்ணி, பேசாம இருங்க," என்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

எனக்கு ஊசி போட்டார்கள். மறுபடி எடுத்த பஞ்சில் எதுவும் வளரவில்லை, இனிப் பயமில்லை என்று லாசர் எழுதினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் வீட்டில் படித்துக் காட்டினேன். ஆனாலும் பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சின்னத்தாயிதான் சோறு ஊட்டினாள். நான் எட்ட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.