உட்காருவதற்கு முன்

தலைவர் நாற்காலியின் கைப்பிடி உடைந்தது அக்கா தலைவரான வருடமா, அடுத்த வருடமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அக்கா அதில் உட்காராமல் நின்றது மட்டும் நிச்சயம்.

எங்கள் ஊர் மருத்துவர் சங்கத்தில் நான் எழுத்தர். சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரும் முதல் கூட்டத்திலேயே ஒரு வழக்கம் வைத்தார்கள்: புதிய தலைவர் தன் கையால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்; அது குறிப்பேட்டில் ஏற வேண்டும். முதல் தலைவர், பிரசவத்தில் ஒரு தாயை இழந்ததைச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். 'என் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கே புரியல' என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். தேநீர் வரும்.

டாக்டரான என் அக்காதான் சங்கத்தின் முதல் பெண் தலைவர். அவள் கையிலிருந்த தாளைப் படிக்கட்டிலேயே வாங்கிப் பார்த்தேன். நெஞ்செரிச்சல் என்று வந்த பஸ் டிரைவரை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அன்று மாலையே மாரடைப்பில் இறந்திருக்கிறார்.

"லைசென்ஸே போயிடும்க்கா. சின்னதா ஏதாவது சொல்லிட்டு உக்காரேன்."

"சின்னதெல்லாம் ஏற்கெனவே சொல்லிட்டாங்கடா."

"அந்த வீட்டுக்குத் தெரியுமா?"

"நேத்துப் போய்ச் சொன்னேன். அவர் சம்சாரம் கேட்டுட்டு, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க."

கூட்டத்தில் அவள் அந்தத் தாளைப் படித்து முடித்தாள். யார் பேசினாலும் இடையில் வெட்டுவதால் நாங்கள் 'கத்தரி' என்று அழைக்கும் செயலாளர் என் பக்கம் குனிந்தார். "இத எழுதாத தம்பி. பேச்சோட போகட்டும்." என் வேலை அவர் கையில் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்காக எழுதினேன் என்று ஆகியிருக்கும். நானாகவே எழுதினேன்.

கடைசி வரிசையில் போன தலைவர் எழுந்தார். கையெழுத்து ஜோக் அடித்தவர். "அன்னிக்கு நான் சொன்னது சும்மா விளையாட்டுக்கு. இப்ப நிஜத்தச் சொல்லலாமாம்மா?"

அவர் முடித்ததும் இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். தேநீர் ஆறிப்போனது. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

மருத்துவக் கவுன்சில் விசாரணையில் அக்காவுக்கு மூன்று மாதம் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். திரும்பி வந்து தலைமைக் காலத்தை முடித்தாள். நெஞ்செரிச்சல் என்று வந்தாலும் இசிஜி எடுக்காமல் அனுப்பக் கூடாது என்ற அவளது சுற்றறிக்கை ஊரின் எல்லா கிளினிக்கிலும் ஒட்டியிருக்கிறது. கத்தரி வேறு ஊருக்குப் போய்விட்டார். டிரைவரின் மனைவி அக்காவிடம் வந்ததே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளை மட்டும் ஒருமுறை அனுப்பினார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். குறிப்பேட்டில் அன்று எல்லோரும் சொன்ன பதினொரு பக்கங்களும் என் கையெழுத்து. யாரும் எடுத்துப் படிக்கலாம். ஓர் எழுத்துகூடப் புரியாமல் போகாது.