ஹெல்மெட்டம்மா விழுந்த கதை

“ஆபீஸ் பாத்ரூம்ல வழுக்கிடுச்சாம்! யார் காதுல பூ சுத்தற? உடுப்புல ஒரு சொட்டு ஈரம் இல்ல. தலை முழுக்க அஞ்சு வருஷத்துத் தூசி!”

“மெதுவா பேசுங்க. அக்கம்பக்கம் கேட்கும்.”

அக்கம்பக்கம் எப்போதோ ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தது. மூன்றாம் மாடியில் சத்தம் போட்டவர் லிஃப்ட் மெக்கானிக். பதில் சொன்னவள் அவர் மனைவி, தெரு வைத்த பெயரில் ஹெல்மெட்டம்மா. வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் அடிபடக்கூடாது என்று நாட்டுக்கே விதி எழுதும் அரசாங்கக் குழுவின் தலைவி. தலையில் ஹெல்மெட் இல்லாத ஸ்கூட்டர்க்காரர் கையில் கிடைத்தால் பத்து நிமிடம் பேசாமல் விடமாட்டாள்.

நாலு வருடம் பாடுபட்டு எழுதிய விதிகள் திங்கட்கிழமை அமைச்சர் கூட்டத்துக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றின்மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்: வேலையிடத்தில் எவ்வளவு சின்ன அடி பட்டாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தவரை யாரும் தண்டிக்கக் கூடாது. முதலாளிகள் சங்கமோ, ‘எவனும் எழுதமாட்டான், அந்த விதியைத் தூக்குங்கள்’ என்று ஒற்றைக் காலில் நின்றது.

அப்பேர்ப்பட்டவள்தான் வெள்ளிக்கிழமை மாலை மேல் அலமாரிக் கோப்பை எடுக்க, சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் ஏறி நின்றாள். இப்போது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

உண்மை வெளியே வந்ததும் மெக்கானிக் இடுப்பில் கை வைத்தார். “கயிறு அறுந்தா பிடிச்சு நிறுத்த லிஃப்ட்ல பிரேக் இருக்கு. உன் நாற்காலிக்கு என்னம்மா இருந்துச்சு?”

“குமாஸ்தா பிடிச்சுக்கிட்டிருந்தார்.”

“அப்புறம்?”

“போன் அடிச்சுது.”

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் தரைத்தளத்து நாய் குரைத்தது.

“சிரிங்க. திங்கட்கிழமை ஊரே சிரிக்கும். என் விதியும் போகும்” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அதுவரை மூலையில் தலை பின்னிக்கொண்டிருந்த நாத்தனார் வாயைத் திறந்தாள். துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. “விரல்ல ஊசி ஏறினா நாங்க பிளாஸ்திரியச் சுத்திக்கிட்டுத் தைப்போம் அண்ணி. கேட்டா வீட்டுல வெங்காயம் நறுக்கினேன்னு சொல்லுவோம். நீங்க பாத்ரூம்ங்கறீங்க. வேற என்ன வித்தியாசம்?”

ஹெல்மெட்டம்மா நாத்தனாரை முறைத்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். பிறகு, “என் பையில விதியோட சேர்த்து வச்ச அடிபட்டவங்க படிவம் இருக்கு. எடு” என்றாள்.

சனிக்கிழமை காலை சாட்சி சொல்ல குமாஸ்தா வந்தார், திருடனைப் போல. நாத்தனார் கேள்வியைப் படிக்க, ஹெல்மெட்டம்மா பதில் சொல்ல, அவர் எழுதினார். படிவம் பதினோரு பக்கம். மதியச் சாப்பாட்டுக்குள் ஆறாவது பக்கத்தைத்தான் தொட்டார்கள்.

“விழுந்தபோது அறையின் வெப்பநிலை என்ன?” என்று படித்த நாத்தனார் நிமிர்ந்தாள். “எந்தப் புண்ணியவதி எழுதினது இது?”

புண்ணியவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இருபத்தேழாவது கேள்வி. தவறு யாருடையது?”

குமாஸ்தாவின் பேனா தானாக ஓடியது: ‘நாற்காலியைப் பிடித்திருந்தவன் நான். விட்டவனும் நான்.’

வந்ததிலிருந்து அவரைச் சட்டை செய்யாத நாத்தனார் அப்போதுதான் ஏறெடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தாள்.

ஹெல்மெட்டம்மா பேனாவைப் பிடுங்கினாள். “இந்தக் கேள்வி இருக்கிற வரைக்கும் எவ எழுதிக் கொடுப்பா?” இடது கையால் கோணல்மாணலாக அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு கிழித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். “இப்படிப் போடுங்க: எதை மாத்தினா மறுபடி நடக்காது?”

“ஏணி வாங்கினா, மேடம்.”

“எழுதுங்க. ஏன் நம்ம ஆபீஸ்ல ஏணி இல்ல?”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். “ரெண்டு வருஷமா கேட்டு எழுதியிருக்கேன். உங்க மேசையிலதான் இருக்கு.”

முதலில் சிரித்தவள் ஹெல்மெட்டம்மாதான். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் பதினோரு பக்கம் அரைப் பக்கம் ஆனது.

திங்கட்கிழமை, மாவுக்கட்டுக் கையோடு கூட்டத்துக்குப் போனாள். “சொல்லுங்க, எவன் எழுதுவான்?” என்று சங்கத் தலைவர் ஆரம்பித்ததுமே தன் அரைப் பக்கத்தை வாசித்தாள், ஏணி மனு வரைக்கும். அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“போன மாசம் என் கிடங்குல நானும் விழுந்தேன். வீட்டுல, கிரிக்கெட் ஆடினேன்னு சொல்லி வச்சிருக்கேன். அந்தத் தாள் ஒண்ணு இருக்குமா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எதிர்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? விதி நிறைவேறியது. அதே வாரம் ஏணியும் வந்தது.

குமாஸ்தா, ஹெல்மெட்டம்மாவின் கை தேறிவிட்டதா என்று விசாரிக்க வாரத்துக்கு மூன்று முறை வந்தார். கட்டுப் பிரித்த பிறகும் வந்தார். ஆறாம் மாதம் பதிவு அலுவலகத்தில் நாத்தனார் கையைப் பிடித்தார். மெக்கானிக் விடவில்லை: “போன் அடிச்சா விட்டுட மாட்டீங்களே, மாப்பிள்ளை?” மாப்பிள்ளை போனை எடுத்து எல்லோர் கண்ணெதிரிலும் அணைத்தார். மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து இருவரும் துறைமுக ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே தையல் தொழிற்சாலையில் அரைப் பக்கத் தாள்களை வாங்கி வைப்பவள் நாத்தனார்தானாம்.