வினோலியா டீச்சரின் காலி டிரம்

1

இந்தக் கதை ரயிலில் ஒட்டுக்கேட்டது. காலையில் பெங்களூர் போகும் கூட்டத்தில், ஐடா என்கிற பெண் தன் தங்கை வினோலியாவைப் பற்றித் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். வினோலியா, கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கதை சூடுபிடித்த நேரத்தில் பங்காரப்பேட்டை வந்துவிட்டது. ஐடா முடிவையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "தங்கம் தோண்டிய மண்ணில் இன்று குப்பையை..."

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுத வந்தாலே தங்கம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.]

இரண்டாவது: "சுற்றுச்சூழல் என்பது நம் அனைவரின்..."

[இது தலைமையாசிரியர் இன்பராஜின் பேச்சு. அவரிடமே இருக்கட்டும்.]

மூன்றாவது, நேராகவே: வினோலியா பள்ளிக்கூடத்தில் மறுசுழற்சித் திட்டம் ஆரம்பித்தாள். உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்த அறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒழித்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, பேப்பருக்கு ஒன்றும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றுமாக இரண்டு டிரம் வைத்தாள். அவற்றில் சேர்வதை எடுத்துப்போக வெள்ளிக்கிழமை கோலாரிலிருந்து ரூபேஷ் வண்டி கொண்டுவருவான்.

"வண்டி வர்றப்ப டிரம்மு ரொம்பியிருக்கணும் டீச்சர். இல்லன்னா பெஞ்சுங்க திரும்ப உள்ள வந்துடும்" என்று இன்பராஜ் கறாராகச் சொல்லிவிட்டார். வினோலியா உடனே வகுப்புக்கு ஓடினாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவளாக யோசித்துச் செய்தது இதுதான் முதல் தடவை.

3

அவள் பிள்ளைகளிடம், "வீட்ல கெடக்கற காலி பாட்டில எல்லாம் எடுத்துக்குனு வாங்க" என்றாள்.* வியாழக்கிழமை காலையிலேயே பிளாஸ்டிக் டிரம் வழிந்தது. வினோலியா தரையில் நடக்கவில்லை.

* வெளியூர் வாசகருக்கு: சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் காலி பாட்டில் குப்பை இல்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற பாட்டில் அது. இங்கேயே பிறந்து வளர்ந்த வினோலியாவுக்கு இது தெரியாதா? [எனக்கும் இங்கே அவள்மேல் சந்தேகம் வந்தது.] தெரியும். மஞ்சள் பெயின்ட் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

4

அன்று மத்தியானம் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட கேட்டில் அம்மாக்கள் கூட்டம். முன்னால் நின்றவள் பார்வதம்மா.

"இன்னா டீச்சர், தண்ணி வந்துக்கீது, புடிக்க ஒரு பாட்டில் இல்ல! எங்க உதய் மொத்தத்தையும் தூக்கியாந்துட்டான்!"

"அதெல்லாம் நாளைக்கு வண்டியில போவணும் பார்வதம்மா..."

"வண்டியில இன்னாத்துக்குப் போவுது? ஊட்டுக்கு வரட்டும். அந்தப் பச்ச மூடி எங்களுது, குடுங்க."

வேறு வழியில்லாமல் வினோலியா டிரம்மைக் கவிழ்த்தாள். மூடியை வைத்து, நசுங்கலை வைத்து, அவரவர் பாட்டிலை அவரவர் பொறுக்கினார்கள். கடைசியில் மிஞ்சிய ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அது அவள் வீட்டு பாட்டில். பார்வதம்மா சிரித்த சிரிப்பில் வினோலியாவும் சிரித்துவிட்டாள். அப்புறம் காலி டிரம்மைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

5

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் கசக்கிப் போட்ட தொடக்கங்களை அள்ளிக்கொண்டு கதைக்குள் போய், பேப்பர் டிரம்மிலாவது போடலாம் என்று நீட்டினேன். வினோலியா ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள்.

"ஒரு பக்கந்தான சார் எழுதிக்கிறீங்க? பின்னால சுத்தமா கீதே. பசங்க கணக்கு போட ஆவும்."

எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த டிரம்மும் காலி. என் எழுத்தைக் குப்பை என்று சொல்லாத முதல் ஆள் அவள்தான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

6

முடிவு ஒன்று: தண்ணீர் பிடித்து முடித்த அம்மாக்கள் பால் கவரும் உடைந்த பக்கெட்டும் கொண்டுவந்து டிரம்மை நிரப்பினார்கள், எல்லோரும் கைதட்ட...

[இவ்வளவு கைதட்டல் எங்கள் ஊரில் தேர்தல் சமயத்தில்தான் கேட்கும்.]

முடிவு இரண்டு: பெஞ்சுகள் திரும்ப உள்ளே...

[எழுதக் கை வரவில்லை.]

ஐடா சொன்னது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை. கேட்டில் ரூபேஷ் ஹாரன் அடிக்கிறான். இன்பராஜ் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா டீச்சர், ஒன்னுமே இல்ல?"

"இல்ல சார். இந்த ஊர்ல யாரும் எதையும் ஒரே தடவையில தூக்கிப் போடறதில்ல. நாம சொல்லிக் குடுக்க வந்தத அவங்க எப்பவோ செஞ்சிக்கினு இருக்காங்க. அத எந்த டிரம்முல போட்டு சார் உங்களுக்குக் காட்டறது?"

இன்பராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பங்காரப்பேட்டை வந்துவிட்டது.

ஆகவே வாசகரே, இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால் இன்பராஜ் சொன்னதை அதில் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வெளியே மரத்தடியில் பெஞ்சுகள் கிடக்கின்றன. மஞ்சள் அறைக்குள் பிள்ளைகள் கதவை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.