பாப்பா கணக்கில் வராத தாங்கி

மனிதகுலம் இதுவரை முடுக்கிய ஸ்குரூக்களில் பாதிக்குக் காரணம் தேவை அல்ல, பயம்தான் என்று, பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் தம்பி அறிவித்தான். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அப்பாவின் வாயில் நான்கு ஸ்குரூக்கள் இருந்தன. அக்காவின் இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அத்தானுக்கு வேலை வெளியூருக்கு மாறியதால், அக்கா மகளோடும் நான்கடி நீள மீன்தொட்டியோடும் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. தொட்டியின் பழைய தாங்கி வண்டியிலேயே உடைந்துவிட்டது. பதினொரு மீன்களும் குளியலறை பிளாஸ்டிக் டப்பில் குடியிருக்க, வீட்டார் அவற்றுக்குக் கூச்சப்பட்டுத் திரும்பி நின்று குளித்தார்கள். மீனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் பழகிய இரண்டரை வயது பாப்பாதான் பாவம். டப்பின் விளிம்பில் நெற்றியை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்வாள், வழுக்குவாள், விழித்து அழுவாள். மூன்று நாளாக இதுதான் அவள் தூக்கம்.

அப்பா லிப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் என்று எழுதிய இடத்தில் பதினாறு பேர் ஏறியே தீருவார்கள் என்று நம்பி முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் வரைந்த மரத் தாங்கிக்கு ஆறு கால்கள், பின்பக்கம் மூலைக்கு மூலை இரண்டு சாய்வுக் கட்டைகள்.

"மீனுக்கா இது, இல்ல யானை ஏறிக் குளிக்கப்போகுதா?"

"இருக்கட்டும்டா."

"எல்லாத்துக்கும் இருக்கட்டும். தண்ணி, கண்ணாடி, கல்லு எல்லாம் சேர்த்து முந்நூத்தம்பது கிலோ. நாலு காலே ரெண்டு டன் தாங்கும். சாய்வுக் கட்டை அழகுக்கா?"

கணக்கெழுதிய தாளை நீட்டினான். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். அதிலிருந்த குறியீடுகள் அவருக்குப் புரிந்தனவா என்று தெரியாது. ஆனால் மடித்துச் சட்டைப்பையில் வைத்த விதத்தில் ஒரு பெருமை இருந்தது. சாய்வுக் கட்டைகளைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, நாலு காலிலேயே முடித்தார்.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் எதையும் ஒப்படைப்பது அவர் தொழிலில் கிடையாது. சாயங்காலம் அம்மா, அக்கா, மாடி வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி எல்லாரும் அப்பாவோடு தாங்கிமேல் ஏறி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மீன் மொத்தம் எத்தனை கிலோ இருக்கும்?" என்றார் தையல்காரர்.

"கால் கிலோ," என்றாள் அக்கா.

"எங்க எடையை மட்டும் கூட்டிச் சொல்லிடாதடா," என்றாள் அம்மா.

மரம் முனகக்கூட இல்லை. தம்பி கைகட்டி நின்றான். அப்போது பாப்பா ஓடிவந்து ஒரு காலைப் பிடித்து, வாசல் கேட்டை ஆட்டுவதுபோல ஆட்டினாள். ஐந்து பேரும் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை நகர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மறுபடி ஆட்டுவதற்குள் தம்பி அவளைத் தூக்கிக்கொண்டான். அவனுடைய தாளில் எடை மேலிருந்து மட்டும்தான் இறங்கியது.

"கணக்கு சரிதான்டா," என்றார் அப்பா இறங்கிக்கொண்டே. "பாப்பாவைத்தான் சேர்க்கல."

தம்பி கதவுக்குப் பின்னாலிருந்து கட்டைகளை எடுத்துவந்தான். இரண்டும் அளவாக அறுக்கப்பட்டு, முனைகளில் துளையும் போட்டு, தயாராக இருந்தன.

மறுநாள் மத்தியானம் தொட்டி நிறைந்திருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பாப்பா தரையில் படுத்து, தாங்கியின் காலில் உள்ளங்கையை ஒட்டிவைத்தபடி, வாய் பிளந்து தூங்கினாள். தம்பி தோளைக் கொடுத்துத் தாங்கியைத் தள்ளிப் பார்த்தான். தண்ணீர் அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினான். பாப்பாவைப் பார்த்தான். பிறகு அப்பாவின் கருவிப் பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்தான்.

டிரில்லைப் போட்டால் விழித்துக்கொள்வாள். சாய்வுக் கட்டைகளில் மேலும் சில ஸ்குரூக்களை வைத்து, ஸ்குரூடிரைவரால் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினான்.

"அதான் ஆடலையே. இன்னும் எதுக்குடா?" என்று அக்கா வாசலிலிருந்து கிசுகிசுத்தாள்.

அவன் வாயில் மூன்று ஸ்குரூக்கள் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் வந்து நின்று, அவனைப்போலவே வாயைக் குவித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.