வெறும் ஆணிக்கு ஒரு விளக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த பார்க்டேலில் எங்களுக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருந்த யாங்சென் திபெத்துப் பெண். தொண்ணூற்றெட்டு மார்கழியில், லாசாவில் நோயாய்க் கிடந்த தாய்க்கு அனுப்பத் தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். நானும் மனைவி புவனாவும் கமராவோடு போனோம்.

யாங்சென் முதலில் சுவரிலிருந்த, நாடுகடந்து வாழும் தன் மதகுருவின் படத்தைக் கழற்றினாள்.

"அங்கே இந்தப் படத்துக்குத் தடை. கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்றாள். கீழே எரிந்த விளக்கையும் எடுக்கப் போனவள் அப்படியே நின்று அழுதாள். "நான் கும்பிடுவதை விட்டுவிட்டேன் என்று அம்மா நினைப்பாரே."

புவனா என்னைப் பார்த்தாள். "உந்த விளக்கை எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. வெறும் சுவருக்கு ஆர் விளக்குக் கொளுத்துவினம்? தாய்க்கு விளங்கும்."

"பொலிசுக்கும் விளங்கினால்?" என்றேன்.

"விளக்குக் கொளுத்துறது குற்றமே? நீங்கள் முதல்ல படத்தைத் தலை வெட்டுப்படாமல் எடுங்கோ."

புவனா சொன்னதை நான் எடுத்துச் சொல்ல, யாங்சென் விளக்கை அங்கேயே விட்டாள். வெறும் ஆணியும் எரியும் விளக்குமாக அவளைப் படம் எடுத்தேன்.

பங்குனியில் லாசாவிலிருந்த யாங்செனின் தங்கையிடமிருந்து பதில் வந்தது. தாய் இறந்துவிட்டார். உறைக்குள் தாயின் கடைசிப் படம் இருந்தது. அவர் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே, சுவரில் ஒரு வெறும் ஆணி. அதன் கீழே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

செத்தவீடு முடிந்திருந்தது; முன்பே தெரிந்திருந்தாலும் யாங்செனால் போயிருக்க முடியாது. போனால் திரும்ப விடமாட்டார்கள். அன்று மாலை புவனா எங்கள் முருகன் படத்தடியில் இருந்த விளக்கை அணையாமல் கையால் மறைத்தபடி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.