நட்சத்திரத் தட்டு

“அண்ணே, அந்த ஒயருல கை வைக்காதீங்க!” என்று திலகா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் தர்மராஜ் மூன்றையும் பிடுங்கிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குணாளனின் சவப்பெட்டியோடு வேன் வாசலில் நிற்கிறது. கூடத்தின் நட்டநடுவில் குணாளனின் உலோகம் வெட்டும் மில்லிங் மிஷின் உட்கார்ந்திருக்கிறது.

“புருஷன் போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, ஒயருக்கு இப்படிக் கத்துற?” என்றார் அண்ணன்.

திலகாவுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நேற்றுக் காலை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன், இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். மூன்று மணிக்கு மறுபடியும் கிளம்பிவிடுவார்.

நாலு பேராகத் தூக்கி மிஷினை அடுப்படியில் வைத்தார்கள். அது ஏதோ ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி கழித்துப்போட்டது. செண்டாயான் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற கையோடு குணாளன் அதை லிங்கியில் இருக்கும் இந்த வீட்டுக்கு லாரி வைத்துக் கொண்டுவந்தார். இரும்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டிய பழைய கணினிதான் செத்துப்போயிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுக் கட்டுப்பாட்டுப் பலகையை வாங்கி மாட்டி, மடிக்கணினியிலிருந்து ஓட்டப்போகிறேன் என்றார். எல்லாம் எதற்கு? முறுக்கு உரலின் நட்சத்திரத் தட்டு உடைந்துபோனதற்கு. பாசாருக்குப் போனால் புது உரலே கிடைக்கும் என்று திலகா மூன்று மாதமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே டார்ச்சும் பிடித்தாள்.

முந்தாநாள் ராத்திரி பித்தளைத் துண்டை இறுக்கிப் பூட்டிவிட்டு, “காலையில நீ பொத்தானை அமுக்கு, போதும்” என்று சொல்லிப் படுத்தார். அந்தப் பொத்தான் இன்னும் அமுக்கப்படவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போதே மிஷின் ஓடிவிட வேண்டும். திலகாவுக்கு இன்று வேறு எதுவும் வேண்டாம்.

“எதும்மா எங்க சொருகுறது?” மகள் ரோகினி பிடுங்கிய ஒயர்களை அள்ளிப் பார்த்தாள். அவளும் ஃபேக்டரியில் இன்ஜினியர்தான். ஆனால் ஒயர்களில் ஒட்டியிருந்த காகிதங்களில் சீரகம், சோம்பு, மிளகு என்று எழுதியிருந்தது.

“என்னலா இது, மளிகைக் கடையா?” என்றார் தர்மராஜ். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அவரு எக்ஸு, ஒய்னு சொல்வாரு. எனக்கு மண்டையில நிக்கல. நான்தான் எழுதி ஒட்டினேன். சீரகம் இடவலமா ஓடும், சோம்பு முன்னப்பின்ன, மிளகு மேலகீழ.” அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வரிசையில் திலகா மூன்றையும் சொருகினாள்.

கூடத்தில் இறக்கிவைத்த பெட்டியருகே பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். திலகா பொத்தானை அமுக்கினாள். மிஷின் ஒரு நொடி யோசித்தது. பிறகு சீரகம் நகர்ந்தது, சோம்பு நகர்ந்தது, மிளகு இறங்கிப் பித்தளையைத் தொட்டது. சத்தத்துக்கு ஒப்பாரியே நின்றுபோனது. ஜனமெல்லாம் அடுப்படி வாசலில் வந்து நின்றது. “குணா மிசினு ஓடுதுடா!” என்று யாரோ கத்தினார்கள். வேன் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

இருபது நிமிஷத்தில் நட்சத்திரம் விழுந்து, சுற்றிலும் வட்டமும் வெட்டுப்பட்டது. திலகாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். சூடு ஆறுவதற்குள் தட்டை எடுத்து முறுக்கு உரலுக்குள் போட்டாள்.

உள்ளே போகவில்லை. திருப்பிப் போட்டாள், அமுக்கிப் பார்த்தாள். விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது.

உரலையும் தட்டையும் கையோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

“என்னங்க! நான் அன்னிக்கே சொன்னேன்ல? உரலுக்கு வெளியில அளக்காதீங்க, உள்வாயை அளங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? கேட்டீங்களா? ரெண்டு மில்லி பெருசு! முப்பது வருஷம் ஃபேக்டரியில என்னத்த அளந்தீங்க?”

பெட்டிக்குள் குணாளன் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ரோகினி காலையிலேயே அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சொருகியிருந்தாள்.

திலகா குனிந்து அந்த வெர்னியரை உருவினாள். அந்த இடத்தில் நட்சத்திரத் தட்டை வைத்து, பையைத் தட்டிச் சரிசெய்தாள்.

“தட்டு உங்களுக்கு. இது எனக்கு வேணும்.”

“அம்மா, பதினாறு நாளைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாதும்மா” என்றாள் ரோகினி மெல்ல.

“தெரியும்டி. தட்டு வெட்டுறதுக்கு எண்ணெய்ச் சட்டி எதுக்கு?”

ஐயர் வந்து மணியடித்தார். திலகா பெட்டியோரம் நின்றபடியே வெர்னியரின் சின்னத் தாடைகளை உரலின் வாய்க்குள் விட்டு, முட்டும்வரை விரித்தாள். அளவைப் பார்த்தாள்; கோடுகளெல்லாம் கலங்கித் தெரிந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

“ரோகினி, எவ்வளவுன்னு நீ பாருடி” என்று வெர்னியரை மகளிடம் நீட்டினாள்.